குளத்துக்குள் நாலாயிரத்து இருநூறு மாப்பிள்ளைகள்

விக்கல் வந்தால் ஊர் உலகத்தில் எல்லாரும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பார்கள். ஆமாங்குளத்துக்காரர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள். சோதனைச் சங்கம் வந்தது, அந்தப் பழக்கம் போனது.

சங்கம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் நான் அளப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். தளவாய் அண்ணாச்சி டவுனில் ஒரு காலேஜில் முப்பத்திரண்டு வருஷம் லேப் அட்டெண்டராக இருந்தவர். குடுவை கழுவுவார், ஜன்னல் சாத்துவார், எதையும் தொடமாட்டார். ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலை போட்டு, "ஞாபகத்துக்கு ஏதாவது எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்கள். வேறொருவர் என்றால் சுவர்க் கடிகாரத்தைக் கேட்டிருப்பார். அண்ணாச்சி சுவரில் ஒட்டியிருந்த தாளை உரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தத் தாளின் தலைப்பு 'சோதனை செய்வோர் கவனத்துக்கு'. மொத்தம் ஏழு வரி. ஆறு வரி பழுதில்லாமல் உரிந்து வந்தது. ஏழாவது வரி கோந்தோடு சுவரிலேயே நின்றுவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தது என்று யாராவது கேட்டால், "கடைசி வரிதானே, ஒண்ணும் பெரிசா இருக்காது" என்பார் அண்ணாச்சி.

ஊருக்கு வந்த மறுநாளே சங்கம் தொடங்கியாயிற்று. அண்ணாச்சி தலைவர். பெஞ்சு போட்டுக் கூட்டம் நடத்த இடம் வேண்டும் என்பதால் டீக்கடை நயினார் துணைத் தலைவர். பேனா வைத்திருந்ததால் உச்சிமாளி எழுத்தர். சைக்கிள் வைத்திருந்ததால் வண்டிமலை செயலாளர். இந்தக் கதை வண்டிமலையினுடையது.

வண்டிமலை மாவு மில்லில் மிஷின் ஓட்டுகிறவன். இருபத்தொன்பது வயது, தங்கமான பிள்ளை, சொன்னதைச் செய்வான். சொல்லாததைச் செய்யவே மாட்டான். கீழப்பாறை மாடக்கண்ணுவின் மகள் பிரம்முவை அவனுக்குப் பேசி முடித்து, வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம் குறித்திருந்தார்கள். பெண் பார்க்கப் போன அன்று காபி கொடுத்துவிட்டு, "சீனி போதுமா?" என்று கேட்டாள் பிரம்மு. அதற்குப் பிறகு வண்டிமலை மில்லில் மிளகாய் வற்றல் அரைக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டே அரைத்தான். அவ்வளவு பிடித்துப்போயிற்று அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது இட்லியில், வண்டிமலைக்கு விக்கல் வந்தது. அக்கா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"சங்கத்தைக் கேக்காமக் குடிக்கக் கூடாதுக்கா" என்று சொல்லிவிட்டு, விக்கிக்கொண்டே சைக்கிளை எடுத்தான் வண்டிமலை.

நயினார் கடையில் சங்கம் கூடியது.

"தண்ணி குடிச்சா நிக்கும்னு சொல்லுதாவ அண்ணாச்சி" என்றான் வண்டிமலை.

"யாரு சொல்லுதா?"

"எல்லாரும்."

"எல்லாரும் சொல்லுதத நாமளும் சொல்லுததுக்குச் சங்கம் எதுக்குலே? சரி, இப்ப நீ ஒரு செம்பு தண்ணி குடிக்க. விக்கல் நின்னுருது. தண்ணியால நின்னுதா, செம்பால நின்னுதா, நீ அண்ணாந்து பாத்ததால நின்னுதா, இல்ல அது நிக்கப்போற நேரம் பாத்து நீ குடிச்சியா? எதுன்னு சொல்லுவ?"

வண்டிமலை மூன்று விக்கல் நேரம் யோசித்தான். "நின்னுரும், ஆனா எதால நின்னுதுன்னு சொல்ல முடியாது" என்றான்.

"காரணம் தெரியாம நிக்கிற விக்கல் நமக்கு வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. நயினாரும் உச்சிமாளியும் தலையை ஆட்டினார்கள். வண்டிமலையும் ஆட்டினான், ஆட்டும்போதே விக்கினான்.

அன்றிலிருந்து அவன் கஞ்சி குடித்தான், மோர் குடித்தான், நயினார் கடையில் நாளைக்கு எட்டு டீ குடித்தான். தண்ணீரை மட்டும் தொடவில்லை. அது மருந்தா இல்லையா என்று சங்கம் இன்னும் முடிவு செய்யவில்லை.

இதை இப்படியே விட்டிருந்தால்கூட ஒரு மாதிரி போயிருக்கும். திங்கட்கிழமை காலையில் மாடக்கண்ணு வந்தார். அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல், காது நல்ல கூர்மை. வாசலில் நின்றபடியே பத்து விக்கல் எண்ணினார்.

"எப்ப இருந்து?" என்றார்.

"நேத்து காலையில இருந்து மாமா" என்றான் வண்டிமலை.

"யாராவது நெனச்சாத்தான் விக்கும். வெத்தலை போடுத நேரம் விக்குனா அக்கா நெனச்சிருப்பா, அத்தை நெனச்சிருப்பா, நான் கேக்கமாட்டேன். ராவும் பகலும் விக்குதுன்னா எவளோ ஒருத்தி சோறு பொங்காம உக்காந்து உம்மையே நெனைக்கா. அவ யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். வெள்ளிக்கிழமை விக்கல் இல்லாம வந்தீருன்னா பொண்ணு தாரேன். விக்கிக்கிட்டு வந்தீருன்னா வந்த வழியே திரும்பிக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வண்டிமலைக்கு அழுகை வந்தது. அழுகையும் விக்கலும் சேர்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நேராக அண்ணாச்சியிடம் ஓடினான்.

அண்ணாச்சி பதறவில்லை. "எதையும் முதல்ல அளக்கணும்" என்றார். அளக்காததைப் பற்றிப் பேசாதே என்று தாளில் ஒரு வரி இருந்தது. விக்கலின் நீளத்தை எடுக்கலாம் என்று டேப்பை வாயருகில் பிடித்துப் பார்த்தார்கள். நீளம் சரியாகப் பிடிபடவில்லை. எடையாவது பார்ப்போம் என்று மாவு மில்லுக்குப் போய், மூட்டை எடை போடும் தட்டில் வண்டிமலையை ஏற்றினார்கள்.

அறுபத்திரண்டு கிலோ. அவன் விக்கும்போதெல்லாம் முள் இருநூறு கிராம் துள்ளியது. பார்ப்பதை எழுது, நினைப்பதை எழுதாதே என்பது தாளின் இன்னொரு வரி. அதனால் உச்சிமாளி நோட்டில் இப்படி எழுதினான்: 'முள் துள்ளியது. ஆள் துள்ளினான். சுவரில் பல்லி.'

"பல்லி எதுக்குவே?" என்றார் நயினார்.

"பாத்தேன், எழுதுனேன்" என்றான் உச்சிமாளி.

நயினார் கணக்கில் கெட்டிக்காரர். விரலை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போனார். "ஒரு விக்கலுக்கு இருநூறு கிராம் வெளிய போகுது. நிமிஷத்துக்குப் பதினஞ்சு விக்கல், மூணு கிலோ. அப்படின்னா இருபத்தோரு நிமிஷத்துல மாப்பிள்ளை தீந்துருவான்" என்றார்.

மூன்று பேரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்கள். வண்டிமலை தன் முழங்காலைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொண்டான், இருக்கிறவரை இருக்கட்டுமே என்று. "வெள்ளிக்கிழமைக்கு வேட்டி சட்டை மட்டும்தான் போய்ச் சேரும்" என்று நயினார் மூக்கைச் சிந்தினார். பிரம்மு அந்த வேட்டி சட்டையிடம் சீனி போதுமா என்று கேட்பாளோ என்று வண்டிமலை நினைத்துப் பார்த்தான்.

இருபத்தோரு நிமிஷம் முடிந்தது. முள் அறுபத்திரண்டிலேயே நின்றது.

அண்ணாச்சி முள்ளைத் தட்டிப் பார்த்தார். "வெளிய போன விக்கல் திரும்ப உள்ள வந்துருது. அதனாலதான் எடையும் குறைய மாட்டேங்குது, விக்கலும் நிக்க மாட்டேங்குது" என்றார். இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? உடனே ஒரு மண்பானை வாங்கிவந்து, வண்டிமலையை அதற்குள் விக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு விக்கலுக்கும் நயினார் சட்டென்று தட்டால் மூடினார். சாயங்காலம் வரை அறுநூறு விக்கலைப் பிடித்து அடைத்துப் பானையை எடை போட்டால், வெறும் பானையின் எடைதான் இருந்தது. தூக்கிப் பார்த்தபோது அடியில் முடி அளவு கீறல் தெரிந்தது.

"அறுநூறும் இதுவழியாப் போயிட்டு" என்றார் நயினார். ஒருநாள் வீணாகிப்போனது.

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சி தாளின் வேறொரு வரியை எடுத்தார். எதையும் அதன் இயற்கையான இடத்தில், கலைக்காமல் பார். விக்கலுக்கு இயற்கையான இடம் எது என்று காலை பத்து மணி வரை விவாதம் நடந்தது.

"தொண்டை" என்றான் உச்சிமாளி.

"தொண்டைக்குள்ள போய்ப் பாக்க முடியுமால? வெளிய இருக்கிற இடமாச் சொல்லு" என்றார் அண்ணாச்சி.

"தவளைக்குத் தொண்டை எந்நேரமும் துடிச்சுக்கிட்டே இருக்கு அண்ணாச்சி" என்றார் நயினார். "அப்ப விக்கல் குளத்துலதான் குடியிருக்கு."

அது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. பத்தடிக்குப் பத்தடி கயிற்றுச் சதுரம் ஒன்று கட்டிக்கொண்டு குளத்துக்குப் போனார்கள். காலேஜில் பிள்ளைகள் இப்படித்தான் புல்லுக்குள் சதுரத்தை வீசி, உள்ளே எத்தனை பூச்சி என்று எண்ணி, மொத்த நிலத்துக்கும் பெருக்குவார்கள். அதை அண்ணாச்சி முப்பத்திரண்டு வருஷம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். வீசுகிறவன் பார்க்காமல் வீச வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

வண்டிமலையைக் குளக்கரையில் உட்கார வைத்து, "ஆடாத, அசையாத, இயற்கை கலைஞ்சிரும்" என்று சொன்னார்கள். அண்ணாச்சி குளத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணை மூடி, கயிற்றைத் தலைக்கு மேலே பின்னால் வீசினார். அது நேராக வண்டிமலையைச் சுற்றி விழுந்தது.

"உள்ள என்ன இருக்கு?" என்றார் அண்ணாச்சி, திரும்பாமலே.

"விக்கிற மாப்பிள்ளை ஒண்ணு" என்று வாசித்தான் உச்சிமாளி.

ஒருமுறை வந்ததை நம்பாதே, திரும்பச் செய் என்று ஒரு வரி உண்டு. திரும்ப வீசினார்கள். அண்ணாச்சி நின்ற இடமும் மாறவில்லை, இயற்கை கலையக்கூடாது என்று வண்டிமலையும் நகரவில்லை. இரண்டாம் முறையும் விக்கிற மாப்பிள்ளை ஒன்று. மூன்றாம் முறையும் ஒன்று.

நயினார் கரையைச் சுற்றி நடந்து அளந்து வந்தார். குளத்தில் இந்த மாதிரிச் சதுரம் நாலாயிரத்து இருநூறு அடங்கும். விரல் போதாமல் உச்சிமாளியின் விரலையும் வாங்கி மடக்கினார்.

"சதுரத்துக்கு ஒண்ணு வீதம், இந்தக் குளத்துல நாலாயிரத்து இருநூறு மாப்பிள்ளைங்க விக்கிக்கிட்டு இருக்காங்க அண்ணாச்சி."

"ஒருத்தன்தானே கண்ணுல படுதான்?" என்றான் வண்டிமலை.

"மத்த நாலாயிரத்து நூத்துத் தொண்ணூத்தொம்பது பேரும் தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்காங்க" என்றார் அண்ணாச்சி. "கலைக்காமப் பாத்தா அப்படித்தான், எல்லாம் வெளிய வராது."

வண்டிமலை குளத்தைப் பார்த்தான். அல்லி இலைக்குக் கீழே எங்கெங்கோ குமிழி வந்துகொண்டிருந்தது. தனக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அவனுக்கு ஒருபக்கம் ஆறுதலாகவும் இருந்தது.

இத்தனை பேரும் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் சாம்பார் பற்றாமல் போனால் சங்கத்துக்குத்தானே கெட்ட பேர்? உச்சிமாளி செயலாளரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கீழப்பாறைக்குப் போய், மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் மாப்பிள்ளைகள் மட்டுமே நாலாயிரத்து இருநூறு பேர் இருப்பதாக மாடக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு வந்தான்.

"என்ன சொன்னாரு?" என்று ஓடிவந்தான் வண்டிமலை.

"'ஒரு மாப்பிள்ளை. விக்கல் இல்லாம.' சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டாரு. சாத்துன பெறகு உள்ள ஒரு பொம்பளச் சிரிப்புக் கேட்டுது. கேட்டதுதானே, பாக்கலையே, அதனால எழுதல" என்றான் உச்சிமாளி.

அந்தச் சிரிப்பு எழுதப்படாமலே வண்டிமலையின் மனசில் தங்கிவிட்டது. ராத்திரி படுத்துக்கொண்டு அதையே நினைத்து நினைத்து விக்கினான்.

புதன்கிழமை வைத்தியம் தொடங்கியது. சுக்கு, ஏலக்காய், தேன் போட்டு அண்ணாச்சியே ஒரு கஷாயம் காய்ச்சினார். நல்ல கஷாயம்தான், குறை சொல்ல முடியாது. வண்டிமலை கையை நீட்டினான்.

"பொறு. மருந்து குடிக்கிறவங்க ஒருபக்கம், குடிக்காதவங்க ஒருபக்கம், ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கணும். யாரு குடிக்காங்க, யாரு குடிக்கலைன்னு குடுக்கிறவனுக்கும் தெரியக் கூடாது, வாங்குறவனுக்கும் தெரியக் கூடாது. தாள்ல இருக்கு" என்றார் அண்ணாச்சி.

நான்கு பாட்டில் எடுத்தார். மூன்றில் கஷாயம், ஒன்றில் ஒன்றுமில்லை. நான்கையும் செய்தித்தாளில் சுற்றி, எண் போட்டு வைத்தார். அப்போதுதான் நயினார் ஒரு பெரிய ஓட்டையைக் கண்டுபிடித்தார்.

"எதுல ஒண்ணும் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே அண்ணாச்சி."

அண்ணாச்சி திடுக்கிட்டுப்போனார். "ஆமா, தெரியும். சரி, அரைமணி நேரம் குடுங்க, மறந்துருதேன்" என்று பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

பத்து நிமிஷம் கழித்து, "மறந்துட்டியளா அண்ணாச்சி?" என்றார் நயினார்.

"எத?"

"மூணாம் நம்பர் பாட்டில் வெறும் பாட்டில்னு நீங்க சொன்னியளே, அத."

"இப்பத்தான் மறந்தேன். திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

மத்தியானம் வரை மறந்தார். மறந்ததும் சங்கத்தின் நான்கு பேரும் ஆளுக்கொரு பாட்டிலாகச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். வண்டிமலைக்கு மூன்றாம் நம்பர் வந்தது.

மூன்று வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகு வண்டிமலை அந்தப் பாட்டிலை வாயில் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. இது வெறும் பாட்டிலோ என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். தெரிந்துகொள்ளக் கூடாதே என்று அவன் அதை அடக்குவான். பாட்டிலைத் தூக்கும்போது கனம் இல்லாதது தெரியாமல் இருக்க, இரண்டு கையாலும் சிரமப்பட்டுத் தூக்குவதுபோல் தூக்கினான். அவன் பட்ட பாட்டை நான் சொல்லி மாளாது.

வியாழக்கிழமை மாலை முடிவு வந்தது. கஷாயம் குடித்த மூன்று பேருக்கும் ஒரு விக்கல்கூட இல்லை. குடிக்காத ஒருவனுக்கு மட்டும் விக்கல் இருந்தது.

"மருந்து பலிச்சிட்டு" என்றார் அண்ணாச்சி. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "மூணுக்கு மூணு."

"அப்ப எனக்கும் ஒரு மடக்கு குடுங்க அண்ணாச்சி. விடிஞ்சாக் கல்யாணம்" என்றான் வண்டிமலை.

அண்ணாச்சி அவன் தோளில் கை வைத்தார். "உனக்குக் குடுத்துட்டா, ஒப்பிட ஆளு யாருலே?"

வண்டிமலை யோசித்துப் பார்த்தான். நியாயம்தான். சங்கத்தின் செயலாளரே விதியை மீறினால் ஊர் என்ன பேசும்? "சீட்டு சீட்டுதான்" என்று சொன்னான். சொன்னாலும், பிரம்மு கைநழுவிப் போகிறாளே என்று பாட்டிலை இன்னொரு தடவை வாயில் கவிழ்த்துப் பார்த்தான்.

அப்போது உச்சிமாளி நோட்டைப் புரட்டிக்கொண்டே, "அண்ணாச்சி, ஒண்ணை மட்டும் மாத்து, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்னு ஒரு வரி இருக்கே" என்றான். "மருந்து மட்டும்தான் மாறணும். வண்டிமலை இடது செருப்புல வார் அந்து ஊக்கு போட்டிருக்கான். நாம போடலையே."

"செருப்பு கெடக்கட்டும். அவனுக்கு நாளைக்குக் கல்யாணம். நமக்கு எங்க கல்யாணம்?" என்றார் நயினார்.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வைத்துக்கொண்டா சோதனை நடத்தினோம் என்று அண்ணாச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆமாங்குளத்திலிருந்து நான்கு மாப்பிள்ளைகள் கிளம்பினார்கள். நான்கு பேருக்கும் பட்டு வேட்டி, தலையில் உருமால், கழுத்தில் மாலை, இடது செருப்பில் ஊக்கு. நயினாரின் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பிள்ளைங்க மூணையும் கூட்டிக்கிட்டுப் போங்க, அப்பா கல்யாணத்தைப் பாக்காமப் போச்சேன்னு பின்னால ஏங்கும்" என்றாள். அறுபது வயது அண்ணாச்சி மீசைக்குக் கருப்படித்திருந்தார், வண்டிமலையின் மீசை கருப்பு என்பதால்.

கீழப்பாறையில் பந்தல் வாசலில் மாடக்கண்ணு சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். மங்கல் கண்ணுக்கு நான்கு மாலை தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தார், அப்போதும் நான்கு.

"இதுல மாப்பிள்ளை யாரு?" என்றார்.

"நாலு பேரும்தான். ஒருத்தரு மட்டும் மருந்து குடிக்கல" என்றார் அண்ணாச்சி.

வண்டிமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷம் தாங்கினால் போதும், மணவறையில் உட்கார்ந்துவிடலாம். முகம் சிவந்தது, காது சூடேறியது, உருமால் மேலே எழும்பியது. கடைசியில் வந்ததே ஒரு விக்கல், பந்தல்காலில் கட்டியிருந்த வாழை ஆடிப்போகும் அளவுக்கு.

மேளம் நின்றது. மாடக்கண்ணு சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.

வண்டிமலை தலையைக் குனிந்துகொண்டு திரும்பினான். ஊக்கு போட்ட செருப்பை மாட்டக் காலை நீட்டியபோது, உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா, விக்குதவரு வேண்டாம்னா, விக்காதவங்க மூணு பேரு நிக்காங்களே. அதுல யாரைக் கட்டிக்கிட?"

பிரம்முதான். பட்டுச்சேலையும் மாலையுமாக நிலைப்படியில் வந்து நின்றாள். மாடக்கண்ணு கருப்பு மீசை அண்ணாச்சியின் முகத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். நயினாரைப் பார்த்தார். நோட்டில் 'மாமனார் முறைத்தார்' என்று எழுதிக்கொண்டிருந்த உச்சிமாளியைப் பார்த்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

"இருந்தாலும் இவரை எவளோ நெனைக்காளே" என்றார், குரல் இறங்கி.

"நாந்தாம்ப்பா நெனச்சேன்" என்றாள் பிரம்மு. "அன்னைக்குச் சீனி போதுமான்னு கேட்டேன். 'ஆமா'ன்னு சொல்லிட்டுக் காபியை மறந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அதுல இருந்து ஞாயித்துக்கிழமையும் நெனச்சேன், நேத்தும் நெனச்சேன். இந்தாங்க, முதல்ல இதக் குடிங்க." ஒரு செம்பு தண்ணீரை வண்டிமலையிடம் நீட்டினாள்.

வண்டிமலை அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பிரம்முவைப் பார்த்தான். என் கணக்குப்படி அவன் வாழ்நாளில் சங்கத்தைக் கேட்காமல் செய்த காரியம் இது ஒன்றுதான். மடமடவென்று குடித்துவிட்டான்.

பந்தல் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. விக்கல் வரவில்லை.

கெட்டிமேளம் கொட்டப்போன நேரத்தில் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டை ஒரே நேரத்துல மாத்திட்டியே தாயி. நாந்தான் நெனச்சேன்னு சொன்னதால நின்னுதா, தண்ணியால நின்னுதா? ஒரு உதவி பண்ணு. தண்ணி இல்லாம இன்னொரு தடவை நெனச்சுக் காட்டு."

"இனி எதுக்கு நெனைக்க? அதான் பக்கத்துலயே இருக்காவளே" என்றாள் பிரம்மு.

"அப்ப தண்ணிதான்" என்றார் அண்ணாச்சி. உச்சிமாளி எழுதிக்கொண்டான்.

வண்டிமலை தாலியை எடுத்து முதல் முடிச்சுப் போட்டான், இரண்டாவதும் போட்டான், மூன்றாவதை அவன் அக்கா போட்டாள். மூன்று முடிச்சுக்கும் விக்கல் வரவில்லை. அண்ணாச்சி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "மூணு தடவை. எந்தப் புண்ணியவான் வச்ச வழக்கமோ, இதுதான் முறையான சோதனை" என்று மாடக்கண்ணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். வண்டிமலை மட்டும் பாயசத்தைத் தொடாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சீனி போதலையா?" என்றாள் பிரம்மு.

"எனக்கு நின்னுட்டு. குளத்துக்குள்ள இன்னும் நாலாயிரத்து நூத்துத் தொண்ணூத்தொம்பது பேரு விக்கிக்கிட்டு இருக்காவளே. அவங்களுக்கும் பொண்ணு வீட்டுல ஏதாவது சொல்லியிருப்பாங்கள்லா" என்றான்.

பிரம்மு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அப்ப அவங்களுக்கும் தண்ணி குடுத்துர வேண்டியதுதான்" என்றாள். மருந்து இன்னதென்று தெரிந்த பிறகு சும்மா இருக்கச் சங்கத்துக்கும் மனசு வரவில்லை.

மறுநாள் காலை வேலை ஆரம்பித்தது. கிணற்றில் இறைத்துக் கொண்டுவந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, சதுரத்துக்கு ஒரு செம்பு வீதம் குளத்தில் ஊற்றினார்கள். பிரம்மு கரையில் உட்கார்ந்து எண்ணினாள். ஒன்பது நாள் ஆயிற்று. அத்தனை செம்பு ஊற்றியும் குளம் ஒரு விரல்கூட ஏறவில்லை.

"பாத்தியளா, சொட்டு விடாமக் குடிச்சிட்டானுவ" என்றார் நயினார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு சதுரத்தை மட்டும் தண்ணீர் ஊற்றாமல் விட்டார்கள். அது எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில், வடகரையில் அல்லி மண்டிக்கிடந்த சதுரம் வந்தது. ஒன்பதாம் நாள் பொழுது சாயும் நேரம் நான்கு பேரும் கரையில் வரிசையாக நின்று காது கொடுத்தார்கள். இத்தனை நாள் மனுஷக்கால் உழப்பியதில் தவளைகள் ஓடிப்போய்க் குளம் கப்சிப்பென்று கிடந்தது. விட்டுவைத்த அந்தச் சதுரத்தில் மட்டும், அல்லி இலைக்கு அடியிலிருந்து, 'க்ரக்' என்று ஒரு சத்தம் வந்தது.

அண்ணாச்சிக்குப் புல்லரித்துவிட்டது. "கேட்டியளா? தண்ணி குடிச்ச நாலாயிரத்து நூத்துத் தொண்ணூத்தெட்டு பேருக்கும் நின்னுட்டு. குடிக்காதவன் மட்டும் விக்குதான்."

'க்ரக்' என்று மறுபடியும் கேட்டது.

வண்டிமலைக்குப் பொறுக்கவில்லை. "அவருக்கும் ஒரு செம்பு ஊத்திரட்டுமா அண்ணாச்சி?"

"ஊத்திட்டா ஒப்பிட ஆளு யாருலே?"

வண்டிமலை செம்பைக் கீழே வைத்தான். தண்ணீருக்குள் முழங்கால் அளவு இறங்கிப் போய், கையிரண்டையும் வாயருகே குவித்துக்கொண்டு, அல்லி இலையைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"மாப்ளே, மனச விட்டுராதீரும். எனக்கும் இந்தச் சீட்டுதான் விழுந்துது. மூச்ச மட்டும் அடக்காதீரும், உருமால் கழண்டுரும். வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணே வந்து தண்ணி குடுப்பா."